விதை விழும் முன்பே தீர்மானமாகும் உயரம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஏறத்தாழ நான்கு மாதங்களில் நான்கு மீட்டர் வரை வளர்ந்து, நாரும் விதையும் தண்டின் உட்கட்டையும் பயன்படத் தருகிற ஒரு பருவப் பயிரை, திறந்த வெளியில், இயற்கை வேளாண் முறையில் வளர்ப்பது பற்றி இன்று பேசவிருக்கிறேன். அந்தப் பயிர் ஹெம்ப். தாவரவியல்படி அது கன்னாபிஸ் சட்டைவா, அதாவது கஞ்சாச் செடியின் இனமேதான்; ஆனால் போதை தரும் டிஎச்சி என்னும் வேதிப்பொருள் மிகக் குறைவாக இருக்கும்படி தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வகைகளையே ஹெம்ப் என்கிறோம். 1976-இல் எர்னஸ்ட் ஸ்மால், ஆர்தர் கிரான்குவிஸ்ட் என்ற இரு தாவரவியலாளர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிய 0.3 சதவீதம் என்ற அளவை முன்வைத்தார்கள். அமெரிக்காவின் 2018-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் அதையே எல்லையாகக் கொண்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 0.2 சதவீதமாக இருந்த தன் வரம்பை 2023 முதல் 0.3 ஆக உயர்த்தியது. 1961-ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் உடன்படிக்கை, நாருக்காகவும் விதைக்காகவும் செய்யும் சாகுபடியைத் தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது. இருந்தாலும் உரிமம் இல்லாமல் பயிரிட முடியாத நாடுகளே அதிகம் என்பதால், உரிமமும் சான்று பெற்ற விதையும் கையில் வந்த பிறகே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

செடியைப் பெரிதாக வளர்க்க விரும்புகிறவர்கள் முதலில் கேட்பது என்ன உரம் போடலாம் என்பதைத்தான். அந்தக் கேள்வி தவறில்லை. ஆனால் அது வரிசையில் மூன்றாவதாக வர வேண்டியது. இயற்கை முறையில், பயிர் நின்றபின் செய்யக்கூடிய திருத்தம் மிகக் குறைவு. யூரியாவைத் தூவி ஒரு வாரத்தில் இலையின் நிறத்தை மாற்றுகிற வசதி இங்கே கிடையாது. ஆகவே செடியின் உயரத்தில் பெரும்பகுதி, எந்த வகையை எந்தத் தேதியில் எப்படிப்பட்ட மண்ணில் விதைத்தோம் என்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம். ஹெம்ப் குறும்பகல் தாவரம். இரவு நீளத் தொடங்கி, பகல் ஏறத்தாழ 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கும்போது பெரும்பாலான வகைகள் பூப்பதற்குத் திரும்பும். அதுவரை தண்டை நீட்டுவதில் செலவான ஆற்றல் அதன்பின் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். உயரம் பெரும்பாலும் அத்தோடு நின்றுவிடும். பூப்புக்கு முந்திய வேகமான வாரங்களில் செடி நாளொன்றுக்கு ஐந்து சென்டிமீட்டர் வரை கூட உயரும் என்பதால், இரண்டு வாரம் தாமதமாக விதைப்பவர் அரை மீட்டருக்கு மேல் இழக்கிறார். பிறகு எவ்வளவு எரு இட்டாலும் அது திரும்பாது. அதற்காக மண் குளிர்ந்திருக்கும்போதே அவசரப்பட்டு விதைப்பதும் சரியில்லை. மண்ணின் வெப்பநிலை 8 முதல் 10 டிகிரி செல்சியஸைத் தாண்டிய பிறகு விதைத்தால் முளை ஒன்றுபோல வரும். ஒன்றுபோல வராத வயலில் முந்தி முளைத்தவை பிந்தியவற்றை நிழலால் கொன்றுவிடும்.

வகைத் தேர்வும் இதே பகல் கணக்கைச் சார்ந்ததுதான். இத்தாலியின் கார்மக்னோலா போன்ற தென்பகுதி வகையை இன்னும் வடக்கே கொண்டுபோய் விதைத்தால், அங்கே கோடைப் பகல் நீளமாக இருப்பதால் பூப்பு தள்ளிப்போய்ச் செடி மேலும் உயரும்; ஆனால் விதை முற்றுவதற்குள் குளிர் வந்துவிடக்கூடும். வடக்கத்திய வகையைப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கும் நிலநடுக்கோட்டுப் பகுதிக்குக் கொண்டுவந்தாலோ, அது இடுப்பளவு வளருமுன்பே பூத்து முடிந்துவிடும். விதைக்காகவே உருவாக்கப்பட்ட ஃபின்லாந்தின் ஃபினோலா, பகல் நீளத்தை அதிகம் பொருட்படுத்தாமல் விரைவில் பூக்கும் குட்டை வகை. அதிலிருந்து நெடிய தண்டை எதிர்பார்ப்பதில் பொருளில்லை. தெருவிளக்கின் வெளிச்சம் இரவு முழுவதும் விழும் வயலோரத்தில் சில செடிகள் பூக்காமல் பச்சையாகவே நிற்பதைக் காணலாம். இருட்டு தடைப்பட்டதே அதற்குக் காரணம்.

இரண்டாவது, மண். ஹெம்பின் ஆணிவேர், மண் இடம் கொடுத்தால் இரண்டு மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடியது. மழை இல்லாத வாரங்களில் செடியைக் காப்பாற்றுவது அந்த ஆழமே. ஆனால் கனமான இயந்திரங்கள் ஈர மண்ணில் ஓடி ஓடி இறுகிப்போன தட்டு ஒரு சாண் ஆழத்தில் இருந்தால், வேர் அதன்மேல் முட்டி, பக்கவாட்டில் திரும்பிவிடும். வாடிக் குட்டையாக நிற்கும் ஒரு செடியை மண்வெட்டியால் சுற்றிலும் வெட்டி, வேரோடு தூக்கி, மண்ணை உதறிப் பார்த்தால் அந்த வேர் செங்கோணமாக மடங்கியிருப்பது தெரியும். அந்தச் செடிக்கு வேண்டியது உரமன்று, உளிக்கலப்பை. கடினத் தட்டை விதைப்புக்கு முந்திய பருவத்தில், மண் உலர்ந்திருக்கும்போது உடைத்து, அந்தப் பிளவுகள் மறுபடி மூடாதபடி ஆழ வேர் விடும் பசுந்தாள் பயிர் ஒன்றை அங்கே விதைத்துவிடுவது நல்லது. நீர் தேங்கும் நிலத்தை ஹெம்ப் கொஞ்சமும் பொறுக்காது. இளம் நாற்று வயலில் தண்ணீர் ஓரிரு நாள் நின்றாலே இலை மஞ்சளாகி வளர்ச்சி தடைப்படும். வடிகால் உள்ள வண்டல் கலந்த நிலமும், 6 முதல் 7.5 வரையிலான கார அமில நிலையும் இதற்கு ஏற்றவை.

இப்போது உரத்துக்கு வருவோம். நன்றாக வளரும் ஹெம்ப் பயிர் ஒரு ஹெக்டேருக்கு 100 கிலோவுக்கு மேல் தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, எடுத்துக்கொள்ளும். அதில் பெரும்பகுதியை முதல் இரண்டு மாதங்களிலேயே கேட்கும். 1.5 சதவீதம் தழைச்சத்து உள்ள மட்கு உரத்தை உலர் எடையில் 10 டன் இட்டால், நிலத்துக்குள் போவது 150 கிலோ. ஆனால் அது மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் சிதைத்துத் தர வேண்டிய கரிமப் பொருளாகப் பிணைந்திருப்பதால், முதல் பருவத்தில் பயிருக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். 30 கிலோவை வைத்துக்கொண்டு நான்கு மீட்டர் செடியை எதிர்பார்ப்பவர்களே, இயற்கை முறை பலன் தரவில்லை என்று பிறகு குறைப்படுகிறார்கள். மட்கு உரம் முதன்மையாக மண்ணின் அமைப்பையும் நீர்ப்பிடிப்பையும் நுண்ணுயிர் வாழ்வையும் வளர்ப்பது. தழைச்சத்தின் இடைவெளியை நிரப்ப வேண்டியது அதற்கு முந்திய பருவத்தில் வளர்ந்து மடக்கி உழப்பட்ட பயறுவகைப் பசுந்தாள். குளோவர், வெட்ச் போன்றவை காற்றிலிருந்து நிலைப்படுத்திய தழைச்சத்தோடு மண்ணில் சேர்ந்து, மண் சூடாகும் அதே வாரங்களில் சிதைவதால், ஹெம்ப் பசித்திருக்கும் காலமும் அது கிடைக்கும் காலமும் ஒத்துப்போகின்றன. ஆண்டுதோறும் மட்கு இடப்பட்ட நிலத்தில் பழைய இருப்பும் மெல்ல மெல்ல வெளிப்படும் என்பதால், ஐந்தாம் ஆண்டின் நிலம் முதலாம் ஆண்டின் நிலமாக இருப்பதில்லை. புட்டியில் அடைத்து விற்கும் வளர்ச்சி ஊக்கிகளைப் பற்றிக் கேட்டால், அந்தப் பணத்துக்குப் பசுந்தாள் விதை வாங்குங்கள் என்றே சொல்வேன்.

மட்குக் குவியலின் தரத்திலும் கவனம் வேண்டும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் இடையிலான விகிதம் 25 அல்லது 30-க்கு 1 என்று அமையும்படி வைக்கோலையும் சாணத்தையும் கலந்து, குவியலின் உள்வெப்பம் 55 டிகிரிக்கு மேல் சில நாட்கள் நிலைக்கும்படி கிளறிவிட்டால், களை விதைகளும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழிந்துவிடும். கைப்பிடி எடுத்துப் பிசைந்தால் விரலிடுக்கில் ஓரிரு துளி ஈரம் கசிய வேண்டும். ஒழுகினால் குவியலுக்குள் காற்று இல்லை என்று பொருள். நகரக் கழிவிலிருந்து செய்த மட்காக இருந்தால் உலோகச் சோதனை செய்யாமல் வாங்கக் கூடாது. காட்மியம் போன்ற கன உலோகங்களை மண்ணிலிருந்து உறிஞ்சிக்கொள்வதில் ஹெம்ப் தேர்ந்தது. மாசுபட்ட நிலத்தைத் தூய்மைப்படுத்த அதைப் பயன்படுத்திப் பார்த்ததும் இந்தக் குணத்துக்காகவே. அதே குணம் உணவுக்கான விதையில் ஆபத்தாக மாறும்.

பெரிய செடி என்று சொல்லும்போது எதைப் பெரிதென்று கருதுகிறோம் என்பதையும் விதைப்பதற்கு முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும். சதுர மீட்டருக்கு 200-க்கும் மேற்பட்ட விதைகளை நெருக்கமாக விதைத்தால், ஒவ்வொன்றும் ஒளிக்காக மேல்நோக்கிப் போட்டியிட்டு, கிளையில்லாத, விரலளவுத் தண்டுகளாக உயரும். நலிந்தவை தாமே மடிந்து, பயிரின் நெருக்கம் தானாகக் குறைந்துகொள்ளும். நுண்ணிய நாருக்கு ஏற்றது இந்த நெருக்கமே. ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி விட்டால் அதே விதை அடித்தண்டு பருத்து, கீழிலிருந்தே கிளைவிட்டுப் புதராக விரியும். காட்சிக்குக் கம்பீரமாக இருக்கும், ஆனால் அந்தத் தண்டின் நார் முரடானது. விதைக்கான சாகுபடி இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தழைச்சத்து மிகுந்துவிட்டால் எந்த இடைவெளியிலும் தண்டு பலவீனப்பட்டு, ஒரு பலத்த காற்றுமழையில் பயிர் சாய்ந்துவிடும்.

களைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நெருங்கிய பயிர் மூன்று நான்கு வாரங்களில் நிலத்தை மூடி அவற்றை ஒடுக்கிவிடும்; அதற்கு முந்திய நாட்களைக் கவனித்தால் போதும். பூச்சிகளில் தண்டுத் துளைப்பானும் இலைத் தெள்ளு வண்டும், நோய்களில் ஈரமான பூங்கொத்துகளைத் தாக்கும் சாம்பல் பூசணமும் முக்கியமானவை. பயிர்ச் சுழற்சியும் காற்றோட்டமுமே இவற்றுக்கு இயற்கை முறையின் முதன்மையான விடை. விதைத்தவுடன் பறவைகள் செய்யும் சேதத்துக்கு, 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து மண்ணை நன்றாக மூடிவிடுவதைத் தவிர வேறு எளிய வழி இல்லை.

நாருக்கான அறுவடை, ஆண் செடிகள் மகரந்தம் சிந்தும் காலத்தை ஒட்டி வருகிறது; அதன்பின் அவை விரைவில் காய்ந்துபோகும். அறுத்த தண்டுகளை வயலிலேயே பரப்பி, பனியும் பூஞ்சைகளும் நாரைத் தண்டிலிருந்து தளர்த்தும்படி இரண்டு முதல் ஆறு வாரம் விட்டுவைத்து, இடையில் ஓரிரு முறை திருப்பிப் போட வேண்டும். அந்த நாட்களில் உதிரும் இலைகளும், மழையோடு தண்டிலிருந்து கழுவப்படும் பொட்டாசியம் என்னும் சாம்பல்சத்தும் அதே நிலத்துக்கே திரும்புகின்றன. அடுத்த பயிருக்கான உரக் கணக்கைப் போடும்போது அதையும் வரவில் எழுதிக்கொள்ள வேண்டும்.

நன்றி, வணக்கம்.