ஆற்றில் மிதந்த கட்டை கடலில் உதவுமா? உவரியிலிருந்து வந்த கேள்விக்கு விளக்கம்

வணக்கம். இன்று ஒரே ஒரு கேள்விதான். உவரியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். "ஐயா, தாமிரபரணியில் மரக்கட்டையை மிதக்கவிட்டு நீரின் வேகத்தை அளந்து காட்டினீர்கள். அதேபோல எங்கள் ஊர்க் கடலிலும் ஒரு கட்டையைப் போட்டுப் பார்த்தேன். காலையில் வடக்கே போனது, மாலையில் தெற்கே போனது. எது சரி?" மூன்று நாளாக இந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. கையால் செய்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறாரே, அதில் எனக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

இரண்டும் சரி, தங்கை.

ஆற்றில் நாம் செய்தது நினைவிருக்கும். சுலோச்சன முதலியார் பாலத்துக்குப் பக்கத்தில் 10 மீட்டரைக் குறித்துக்கொண்டோம். கட்டை அதைக் கடக்க 25 விநாடி ஆனது. விநாடிக்கு 40 சென்டிமீட்டர். அடிநீரைவிட மேல்நீர் விரைவாக ஓடும் என்பதால் அதை 0.85-ஆல் பெருக்கி, 34 என்று எடுத்துக்கொண்டோம். ஆற்றில் இது செல்லும். பள்ளத்தை நோக்கி ஓடுவதைத் தவிர ஆற்றுக்கு வேறு வேலை இல்லை. கடலை ஒரு பக்கம் காற்று தள்ளுகிறது, ஒரு பக்கம் ஓதம், அதாவது கடல்நீரின் ஏற்றமும் வற்றமும், இழுக்கிறது, கரையோரத்தில் சாய்வாக வந்து உடையும் அலையும் தன் பங்குக்குத் தண்ணீரைக் கரை நெடுக நகர்த்துகிறது. 0.85 என்ற அந்தக் கணக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது.

ஏன் கூடாது என்பதை எனக்கு முதலில் காட்டியவர் ஒரு மீனவப் பெரியவர். இளவயதில் இடிந்தகரையில் அவருடைய வள்ளத்தில் ஒருநாள் போனேன். ஈயக்கட்டி கட்டிய கயிற்றை இறக்கி, விரலில் தாங்கிக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "மேலே ஒரு நீவாடு, அடியில் ஒரு நீவாடு. இன்றைக்கு வலை விட்டால் முறுக்கிக்கொள்ளும்" என்றார். நீரோட்டத்தைத்தான் நம் கடற்கரையில் நீவாடு என்கிறார்கள். கயிறு ஓர் ஆழம் வரை ஒரு பக்கமாகவும் அதற்குக் கீழே வேறு பக்கமாகவும் இழுபடுவதை அவர் விரல் படித்துவிட்டது. எத்தனையோ காணொளிகளில் சொல்லிவிட்டேன், இன்னும் சொல்வேன்: மேல்தண்ணீரைப் பார்த்துக் கடலைக் கணிக்காதீர்கள்.

இன்று அந்த விரலின் வேலையை ஒலி செய்கிறது. டாப்ளர் நீரோட்டமானி என்ற கருவியைக் கடலடியில் மேல்நோக்கி வைக்கிறார்கள். அது அனுப்பும் ஒலி, நீரோடு நீராக மிதந்து போகும் நுண்ணுயிர்களிலும் துகள்களிலும் பட்டுத் திரும்புகிறது. திருநெல்வேலி சந்திப்பில் ரயில் நம்மைக் கடக்கும்போது ஊதலின் சுருதி இறங்குவதைக் கேட்டோமே, அதே தத்துவம்தான். சுருதி எவ்வளவு மாறியது என்பதிலிருந்து வேகம் தெரியும். எதிரொலி எவ்வளவு தாமதித்து வந்தது என்பதிலிருந்து அது எந்த ஆழத்து நீர் என்று தெரியும். ஒரே கருவி அடுக்கடுக்காக அளந்துவிடுகிறது. கடலூரிலும் கல்பாக்கத்திலும் கரையில் ரேடார் வைத்து மேல்நீரோட்டத்தை அளக்கிறார்கள். ஒரு ரேடாருக்கு, தண்ணீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பது மட்டுமே தெரியும். அதனால்தான் இரண்டு வேண்டும்.

ஆனால் தங்கை, எது சரி என்பதைவிட எத்தனை நாள் அளக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கிப் பாசி படிந்த பாறைகள் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டரைக்கூட எட்டாது. அதுவே நீரோட்டத்தைத் திருப்பிவிடப் போதும். ஓர் ஏற்றத்திலிருந்து அடுத்த ஏற்றத்துக்கு ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். உங்கள் கட்டை காலையில் ஒரு பக்கமும் மாலையில் மறுபக்கமும் போனதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். காற்று இன்னொரு காரணமாக இருக்கலாம். ஒருநாள் அளவை வைத்துக்கொண்டு பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

இது ஏட்டுக் கணக்கு அல்ல. ஒரு கரையில் தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல் தடுப்பு, போட்டால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரியும். எந்தப் பக்கம் அரியும் என்பது அடுத்த ஊர்க்காரரின் வீடு நிற்குமா என்ற கேள்வி. சோழமண்டலக் கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் வடக்கே ஓடும் பெரிய நீரோட்டம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே திரும்பிவிடுகிறது. எந்த ஊரானாலும் ஒரு வாரம் மட்டும் அளந்துவிட்டுக் கல் கொட்டலாமா?

ஆகவே இப்படிச் செய்யுங்கள். காய்ந்த கட்டை வேண்டாம், அது பாதி வெளியே நின்று காற்றுக்குப் பாய்மரமாகிவிடும். ஆரஞ்சுப் பழம் போதும், பெரும்பகுதி நீருக்குள் அமிழ்ந்திருக்கும். அலை உடையும் இடத்துக்கு அப்பால், கடலுக்குப் போகும் உங்கள் ஊர் வள்ளத்தில் யாரையாவது போடச் சொல்லுங்கள். நீங்கள் நீரில் இறங்க வேண்டாம். ஓர் அமாவாசையில் தொடங்கி அடுத்த பௌர்ணமி வரை, காலை 6 முதல் மாலை 6 வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பழம் எந்தப் பக்கம் எவ்வளவு போனது, காற்று எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள். ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போவதால், பதினைந்து நாளில் பகல் அளவிலேயே எல்லா நிலையும் வந்துவிடும். போனதையும் வந்ததையும் கழித்தால் மிஞ்சுவது அந்தப் பதினைந்து நாளின் மேல்நீரோட்டம்.

ஒன்று மட்டும் கவனம். காற்றை அது வரும் திசையால் சொல்கிறோம். வாடை என்றால் வடக்கிலிருந்து வருவது, கச்சான் என்றால் மேற்கிலிருந்து வருவது. கடலாய்வு நூல்களில் நீரோட்டத்தை அது போகும் திசையால் எழுதுவார்கள். இரண்டையும் தனித்தனிப் பத்தியில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கணக்கை அடுத்த காணொளியில் சேர்ந்து போடுவோம்.