எதிரணித் தம்பிக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி

நடுவர் ஐயாவுக்கும் டர்பன் தமிழ்ச் சொந்தங்களுக்கும் வணக்கம். வெள்ளத்திலிருந்து ஊரைக் காப்பது அரசா, அரசும் தொழிலும் மக்களும் சேர்ந்த கூட்டா என்பது தலைப்பு. நான் கூட்டின் பக்கம்.

எனக்கு முன்னால் பேசிய தம்பி, "கூட்டு முயற்சியாம்! வாட்ஸ்அப்பில் குட் மார்னிங் போட்டால் வெள்ளம் வடிந்துவிடுமா?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிவிட்டார். தட்டியவர்களைப் பார்த்து வைத்திருக்கிறேன்!

தம்பி, நம்மூர் குவாரி ரோடு வெஸ்ட் போயிருக்கிறீர்களா? பால்மியட் ஆற்றோரக் குடிசைகள். குடியிருப்பவர்கள், மாநகராட்சிக்காரர்கள், குவாசுலு-நட்டால் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், எல்லாரும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில். மேலே மழை கொட்டினால் கீழே போன் அலறும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடேறுவார்கள். 2019 ஏப்ரல் வெள்ளத்தில் அந்த எச்சரிக்கைதான் காப்பாற்றியது. குட் மார்னிங் எல்லாம் உங்கள் குரூப்பில்தான், தம்பி!

சரி, கதைக்கு வருகிறேன். 1917 அக்டோபர். உம்கேனி ஆறு பொங்குகிறது. கரையில் காய்கறித் தோட்டம் போட்டிருந்த நம்மவர்கள் தண்ணீரில். மாரிமுத்து படவட்டனும் கூட்டாளிகளும், மொத்தம் ஆறே பேர், வலைவீசும் மீனவர்கள், படகை இறக்கினார்கள். எத்தனை பேரை மீட்டார்கள்? அக்கா, சும்மா சொல்லுங்கள். இருபதா? இன்னும் மேலே. ஐம்பதா? அண்ணன் கஞ்சத்தனம் பண்ணுகிறார்! 176 பேர், ஐயா! இன்னொரு தரம் சொல்கிறேன், நூற்றெழுபத்தாறு! அரசு பார்த்துக்கொள்ளும் என்று அந்த ஆறு பேரும் போர்த்திப் படுத்திருந்தால்?

"அப்போ மக்களே போதுமே" என்று தம்பி முணுமுணுக்கிறார். போதாது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பிராஸ்பெக்டன் டொயோட்டா கார் ஆலைக்குள் தண்ணீர் புகுந்து மாதக்கணக்கில் உற்பத்தி நின்றது. ஆலை தன் வேலிக்குள் சுவர் எழுப்பினால் வெளியே ஓடும் கால்வாய் கேட்குமா? அதை மாநகராட்சி பார்க்க வேண்டும். ஓடையில் அடைக்கும் குப்பையை? அக்கம்பக்கத்து மக்களே கூட்டுறவுக் குழுவாகச் சேர்ந்து அள்ளுகிறார்கள், மாநகராட்சி கூலி கொடுக்கிறது. சிஹ்லன்சிம்வேலோ திட்டம் அதுதான். காசும் வேலையும் கைகோத்த இடம்.

மணி அடிக்கிறீர்கள், ஐயா, ஒரு நிமிடம். அந்த 176 பேரில் ஒருவருடைய கொள்ளுப்பேத்தி இந்த அரங்கிலேயே இருக்கலாம். அவள் இருப்பதே ஒரு படகு வந்ததால்தான். 2022 வெள்ளத்தில் நானூறுக்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோமே, அவர்களுக்கும் அம்மா இல்லையா, பிள்ளை இல்லையா? முந்தின ராத்திரி ஒரு போன் வந்திருந்தால் எத்தனை பேர் இன்று சோறு தின்றுகொண்டிருப்பார்கள்! தீர்ப்பை எனக்குத் தராவிட்டாலும் பரவாயில்லை, ஐயா. அந்த போனை மட்டும் யாராவது அடிக்கட்டும்.