அடங்கலில் யார் பெயர்?

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நிலம் ஒருவருடையது, பாடு இன்னொருவருடையது, முதல் போடுவது மூன்றாமவர். இப்படிச் சேர்ந்து வெள்ளாமை செய்கிறவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். நாற்று விட வாய்ப்பேச்சு போதும். அரசு உதவி மட்டும் காகிதத்தில் உள்ள பெயரைத் தேடித்தான் வரும். அந்தக் காகிதங்களில் முக்கியமானவை சிட்டாவும் (நிலம் யாருடையது என்று சொல்வது) அடங்கலும் (அதில் என்ன பயிர் என்று சொல்லும் கிராமக் கணக்கு).

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தரும் பி.எம். கிசான் பணம் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. அது நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்கு. வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு பேசி, உழுகிறவருக்குக் கிடையாது.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம். காப்பீட்டுத் தொகையில் குறுவைக்கு 2 சதவீதம், சம்பாவுக்கு 1.5 சதவீதம் கட்டினால் போதும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. நிலக்காரர் பயிர்க்கடன் வாங்கும்போதே அந்த சர்வே எண்ணுக்குக் காப்பீடு போயிருக்கலாம். அது தெரியாமல் உழுகிறவரும் அதே எண்ணுக்குக் கட்டுவார். ஒரே நிலத்துக்கு ஒரே பருவத்தில் இரண்டு காப்பீடு செல்லாது. இழப்பீடு வந்தாலும் பதிவு செய்தவர் கணக்கில்தான் விழும். ஆகவே பிரீமியம் கட்டுமுன் இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்: யார் பெயரில் பதிவு, வந்த பணம் எப்படிப் பிரியும்?

நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று எல்லோரும் கவலைப்படுகிறோம். சிட்டா அடங்கல் யார் பெயரில், பணம் எந்தக் கணக்குக்கு என்பதை மூட்டை இறக்கிய பிறகுதான் யோசிக்கிறோம்.

முதல் போட்டு லாபத்தைப் பிரிக்கும் கூட்டில் இன்னொரு ஆபத்து. சட்டப்படி அது கூட்டாண்மை என்று ஆகிவிட்டால், கூட்டுக்காகப் பங்காளி வாங்கிய உரக்கடன் முழுவதையும் உங்களிடமே வசூலிக்க 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டம் இடம் தருகிறது. "என் பங்கு பாதிதான்" என்ற பதிலைக் கடைக்காரர் ஏற்க வேண்டியதில்லை. கூட்டைப் பதிவு செய்யாவிட்டால், ஒப்பந்தத்தைக் காட்டிப் பங்காளிமேல் வழக்குப் போடவும் வழியில்லை. கூட்டைக் கலைத்துக் கணக்குக் கேட்கலாம், அவ்வளவுதான்.

அதனால் எழுதிக்கொள்ளுங்கள். சர்வே எண், பரப்பு, விதை உரச் செலவு யாருடையது, பங்கு பிரிப்பது செலவைக் கழிக்கும் முன்பா பின்பா, மோட்டார் எரிந்தால் யார் கட்டுவது, மழையில் நாற்று அழிந்து மறுநடவு செய்தால் அந்தச் செலவு யார் தலையில், வைக்கோல் யாருக்கு. பெரும்பாலான சண்டை இந்தக் கடைசி மூன்றில்தான் வெடிக்கிறது. குத்தகை ஓராண்டைத் தாண்டினால் பத்திரப் பதிவு கட்டாயம்.

எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்று நிலக்காரர்கள் அஞ்சுகிறார்கள். 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வெளியேற்றத்தைக் கடினமாக்கியிருக்கிறது. அந்த அச்சத்துக்குக் காரணம் அதுதான். அதன் விலையைக் கொடுப்பதோ, காகிதம் இல்லாமல் உழுகிறவர். அவருக்கும் ஒரு வழி இருக்கிறது. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி, தன் பெயரைக் குத்தகைப் பதிவேட்டில் சேர்க்க அவரே வருவாய்த் துறையில் விண்ணப்பிக்கலாம். குத்தகை நெல் அளந்ததற்கும் பணம் கொடுத்ததற்கும் வாங்கிய ரசீதுகளை அதற்காக ஆண்டுவாரியாக எடுத்து வையுங்கள்.