எதிர்காற்றும் இருபது அடியும்

வணக்கம் நேயர்களே. கோல்ஃபும் ஆடுகிறேன், சைக்கிளும் மிதிக்கிறேன் என்றால், "ரெண்டுல எது சார் நல்லது?" என்று உடனே கேட்கிறார்கள். செலவைப் பார்த்தால் பேச்சே வேண்டாம். கோல்ஃபுக்குச் சந்தா, மட்டை, பந்து, மட்டைப் பையைத் தூக்கிவரும் கேடிக்குக் கூலி. சைக்கிளுக்குக் காற்றடித்தால் போதும். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. வல்லவரும் புதியவரும் ஒன்றாகப் பொழுதுபோக்க இரண்டிலும் வழி இருக்கிறது.

ஒரு சித்திரை மாதம். ஞாயிற்றுக்கிழமை, வெயில் தாழ்ந்ததும் நானும் மகளும் திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிளம்பினோம். எனக்கு 61, அவளுக்கு 24. கோவளத்தில் டீ குடிப்பதாக ஏற்பாடு. அக்கரை தாண்டும்வரை பேசிக்கொண்டே போனோம். முட்டுக்காடு பாலம் ஏறியதும் தெற்குக் காற்று முகத்தில் அறைந்தது. இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் காயல், மறைப்புக்கு ஒரு மரம் கிடையாது. மோட்டார் சைக்கிளில் போனவர்களுக்கே தெரியும், அங்கே வண்டி ஆடும். மிதிக்கிறேன், மிதிக்கிறேன், நகரவே இல்லை. மகள் முன்னால் வந்தாள். "அப்பா, என் பின்சக்கரத்துக்கு ரெண்டு முழம் விட்டு நேரா வாங்க" என்றாள். வந்தேன். யாரோ கதவைச் சாத்தியதுபோலக் காற்று அடங்கியது. என் பங்கு காற்றையும் அவளே வாங்கிக்கொண்டிருந்தாள்! முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்தால் பின்னால் வருகிறவருக்குப் பாடு குறைகிறது. பந்தயக்காரர்கள் முறைவைத்து முன்னே போவதும் இதற்குத்தான். தனியாகப் போயிருந்தால் பாலத்திலேயே இறங்கித் தள்ளியிருப்பேன். அவளோடு கோவளம்வரை போய்விட்டேன்.

கோல்ஃபில் இதே வேலையை ஒரு கழித்தல் கணக்கு செய்கிறது. ஹேண்டிகேப் என்பார்கள். பந்தை எத்தனை முறை அடித்துக் குழிகளில் போட்டோம் என்பதுதான் கணக்கு, குறைவாக அடித்தவருக்கே வெற்றி. 18 குழிகள், தேர்ந்தவருக்கு 72 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். என் நண்பருக்கு 4 அடி கழிவு, எனக்கு 20. அவர் 77 அடியில் முடித்தால் கழிவு போக 73. நான் 92-இல் முடித்தாலும் 72. ஆட்டம் எனக்கு! அவர் எனக்காகக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க வேண்டாம், முழுமூச்சாக ஆடலாம். டென்னிஸில் இதே மனிதருக்கு எதிரே என்னால் பத்து நிமிடம் நிற்க முடியாது. அதனால்தான் திரும்பவும் சொல்கிறேன், வல்லவரும் புதியவரும் ஒன்றாக.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். 1895-இல் தொடங்கிய கொடைக்கானல் கோல்ஃப் மைதானத்தில் காட்டுமாடுகள் மேய்வதைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தேன், நேரமில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு மட்டும் இரண்டு வார்த்தை. சைக்கிளில் உட்கார்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வையுங்கள்; முழங்கால் நேரானால் சீட் உயரம் சரி. கோல்ஃப் என்றால் சந்தா கட்டுமுன் பயிற்சித் திடலில் ஒரு கூடை பந்து வாங்கி அடித்துப் பாருங்கள். வணக்கம்.