அடுத்த பயிற்சியாளர் உள்ளேயே இருக்கிறார்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணி நண்பர்களே, வேலை முடிந்து குளித்துவிட்டு நேராக இந்தப் பாலாய் ராயா பொது மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாரே, அக்காமாரே, எல்லாருக்கும் வணக்கம்.

நம் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பட்டிமன்றம் என்றால் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்றுதான் பெரும்பாலும் தலைப்பு வரும். இந்த முறை இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் விடாமல் கேட்டதால் கூடைப்பந்து வந்திருக்கிறது. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். ஜூன் மாதம் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ-வின் இறுதியாட்டம் அங்கே இரவு எட்டரைக்குத் தொடங்கினால் நமக்கு மறுநாள் காலை எட்டரை. ரொட்டி சானாய்க்குக் காத்திருக்கும் பையன்கள் கைப்பேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். தலைப்பு இதுதான்: ஒரு தொழில்முறை அணியின் தலைமைப் பயிற்சியாளர் விலகினால், அடுத்தவரை அணிக்குள்ளிருந்தே எடுப்பதா, வெளியிலிருந்து கொண்டுவருவதா? உள்ளிருந்தே எடுக்க வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய தம்பி ஸ்டீவ் கெர்ரைக் கொண்டுவந்து நிறுத்தினார். 2014-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் மார்க் ஜாக்சனை நீக்கிவிட்டு, அதுவரை எந்த அணிக்கும் தலைமைப் பயிற்சியாளராக இருந்திராத கெர்ரை வெளியிலிருந்து அழைத்து வந்தது. அடுத்த ஆண்டே கோப்பை. உண்மைதான், மறுக்க மாட்டேன். ஆனால் அதற்கு அடுத்த பருவத்தில் நடந்ததைத் தம்பி சொல்லவில்லை. கெர்ருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. அதன் பின் வந்த தொல்லையால் அவரால் அணியோடு இருக்க முடியவில்லை. துணைப் பயிற்சியாளர் லூக் வால்டன் பொறுப்பை ஏற்றார். பருவத்தின் முதல் 24 ஆட்டங்களையும் அணி வரிசையாக வென்றது. கெர் திரும்பும்வரை வால்டன் கையில் 39 வெற்றி, 4 தோல்வி. என்.பி.ஏ கணக்குப் புத்தகத்தில் அந்த 39 வெற்றியும் கெர் பெயரில்தான் ஏறியது. உழைத்தவர் ஒருவர், பேர் இன்னொருவருக்கு. ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுக்கதை இல்லை.

2016-இல் அதே வால்டனை லேக்கர்ஸ் அணி கூட்டிக்கொண்டு போனது. அங்கே அவர் வெளியாள். மூன்று பருவத்தில் 98 வெற்றி, 148 தோல்வி, அதோடு பிரிந்தார்கள். லேக்கர்ஸில் அப்போது பலர் அனுபவம் பத்தாத பிள்ளைகள், வாரியர்ஸில் நட்சத்திர ஆட்டக்காரர் ஸ்டீபன் கரி இருந்தார் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். அது பெரிய காரணம். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால் பயிற்சியாளரைப் பற்றி நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கவே வேண்டாமே!

ஒரு பருவத்தில் 82 ஆட்டம். அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் நடுவில் முடிந்துவிடும். ஆறு மாதம்கூட முழுசாக இல்லை. சில வாரம் அடுத்தடுத்த இரண்டு இரவு, இரண்டு வேறு ஊர். நின்று நிதானமாகப் பயிற்சி கொடுக்க நாள் எங்கே இருக்கிறது? இரண்டாவது இரவு யாருக்கு முட்டி வலிக்கும், யாரை எல்லார் முன்னாலும் திட்டினால் சுருண்டுவிடுவார், யாரைத் திட்டாவிட்டால் அசைய மாட்டார், இதையெல்லாம் வெளியாள் ஆட்டம் தோற்றுத் தோற்றுத்தான் படிக்க வேண்டும். துணைப் பயிற்சியாளர் இதை ஏற்கெனவே படித்து முடித்தவர். எதிரணியின் ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்துக் குறிப்பு எழுதியவர் அவர்தான். பயிற்சி முடிந்து எல்லாரும் போன பிறகு தனியாக நின்ற ஆட்டக்காரனுக்குப் பந்து எடுத்துப் போட்டவரும் அவர்தான்.

எரிக் ஸ்போல்ஸ்ட்ராவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டியே பேச விரும்புகிறேன், நடுவர் ஐயா மன்னிக்க வேண்டும். அவருடைய தாயார் பிலிப்பைன்ஸ் நாட்டுக்காரர், லகூனா மாநிலத்து சான் பாப்லோவைச் சேர்ந்தவர். நம் பக்கத்து நாட்டுப் பெண் பெற்ற பிள்ளை. 1995-இல் மயாமி ஹீட் அணியில் வீடியோ அறை வேலைக்குச் சேர்ந்தார். ஆட்டப் பதிவுகளை வெட்டி ஒட்டிப் பயிற்சியாளருக்குக் கொடுக்கும் வேலை. அங்கிருந்து படிப்படியாக 13 வருடம். 2008-இல் பேட் ரைலி தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பை விட்டபோது, அணி 82-இல் 15 ஆட்டம்தான் வென்றிருந்தது. அவ்வளவு மோசமான நிலையில் வெளியிலிருந்து பெரிய பெயர் ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ரைலி 37 வயது ஸ்போல்ஸ்ட்ராவிடம் கொடுத்தார். முதல் பருவத்திலேயே 43 வெற்றி. 2010-இல் நட்சத்திர ஆட்டக்காரர்கள் லெப்ரான் ஜேம்ஸும் கிறிஸ் போஷும் வந்து சேர்ந்தார்கள். தொடக்கம் 9 வெற்றி, 8 தோல்வி. அணியின் நிர்வாகத் தலைவராக இருந்த ரைலியே மறுபடி பயிற்சியாளராக இறங்கி வர வேண்டும் என்று சத்தம் எழுந்தது. ரைலி இறங்கவில்லை. 2012-லும் 2013-லும் கோப்பை.

ரைலி ஏன் அசையவில்லை? அவரே அப்படி வந்தவர் என்பதுதான் என் எண்ணம். 1979 நவம்பரில் லேக்கர்ஸ் பயிற்சியாளர் ஜாக் மெக்கின்னி சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் பலத்த காயம்பட்டார். துணையாக இருந்த பால் வெஸ்ட்ஹெட் அணியை எடுத்துக்கொண்டார். தனக்குத் துணையாக அணியின் ஆட்ட வர்ணனையாளராக இருந்த ரைலியை அழைத்தார். 1980-இல் கோப்பை. 1981-இல் வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டபோது ரைலி அந்த இடத்துக்கு வந்தார். 1982, 1985, 1987, 1988 என்று நான்கு கோப்பை. இவரும் வெளியிலிருந்து வாங்கி வந்தவர் இல்லை.

எதிரணித் தலைவியாக இருக்கும் ஆசிரியை அவர்கள் ஒரு நல்ல கேள்வி கேட்டார்கள். உள்ளேயே வளர்ந்தவர் பழைய மாவையேதானே அரைப்பார், புதுசு எங்கிருந்து வரும் என்று. ரைலியின் மயாமி உயரமான, முரட்டு ஆட்டக்காரர்களை வைத்து மெதுவாக ஆடிய அணி. ஸ்போல்ஸ்ட்ரா அதைப் பிடித்துக்கொண்டு தொங்கவில்லையே! போஷை நடுவில் நிறுத்தி, சின்ன உருவம் உள்ளவர்களை ஓடவிட்டுக் கோப்பை வாங்கினார். 2018-இல் டொரொன்டோ ராப்டர்ஸ், அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது பெற்ற டுவேன் கேசியையே நீக்கியது. அவருடைய துணை நிக் நர்ஸைத்தான் அந்த இடத்தில் உட்கார வைத்தது. 2019 இறுதித் தொடரில் கரியை நிறுத்த, நான்கு பேரைச் சதுரமாக நிற்கவைத்து ஒருவரை மட்டும் கரி பின்னால் ஓடவிட்டார் நர்ஸ். பள்ளிக்கூட மைதானத்தில் நம் பிள்ளைகள் செய்கிற உத்தி அது. என்.பி.ஏ இறுதியில் யாரும் எதிர்பார்க்கவில்லை. கோப்பை டொரொன்டோவுக்கு. வீட்டில் எந்தச் சுவரை இடிக்கலாம், எது கூரையைத் தாங்குகிறது என்பது அங்கே குடியிருப்பவருக்குத்தானே தெரியும்?

சரி, யூட்டா ஜாஸ் கதைக்கு வருகிறேன். ஜெர்ரி ஸ்லோன் 2011 பிப்ரவரி 10 அன்று விலக, துணை டைரோன் கார்பின் வந்து சரியாக நடத்தவில்லை என்றார் தம்பி. ஆமாம், நடத்த முடியவில்லை. ஆனால் பருவத்தின் நடுவில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, இரண்டே வாரத்துக்குள் அணியின் முதல் ஆட்டக்காரர் டெரன் வில்லியம்ஸை இன்னோர் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த ஸ்லோனும் 1988-இல் துணைப் பயிற்சியாளராக இருந்து மேலே வந்தவர்தான். 23 பருவம் நின்றார்.

பெக்கி ஹாமன் பற்றிச் சொன்னதுதான் எனக்கு உண்மையிலேயே வலித்தது. சான் அன்டோனியோ ஸ்பர்ஸில் துணைப் பயிற்சியாளராக இருந்த பெண்மணி. 2020 டிசம்பர் 30 அன்று தலைமைப் பயிற்சியாளர் கிரெக் பாப்போவிச் ஆட்ட நடுவரால் வெளியேற்றப்பட்டபோது அணியை எடுத்து நடத்தினார். என்.பி.ஏ ஆட்டம் ஒன்றில் தலைமைப் பயிற்சியாளராகச் செயல்பட்ட முதல் பெண். அப்புறம் பெண்கள் லீக்கில் லாஸ் வேகஸ் ஏசஸ் அணிக்குப் போய், முதல் பருவமான 2022-லேயே கோப்பை வாங்கினார். பாருங்கள், வெளியிலிருந்து வந்து ஜெயித்தார் என்றார் தம்பி. தம்பி, அந்த ஏசஸ் அணி லாஸ் வேகஸுக்கு மாறும் முன் சான் அன்டோனியோவில் இருந்த அணி. ஹாமன் 2007 முதல் 2014 வரை எட்டுப் பருவம் அதே அணிக்கு ஆடியவர். பிறந்த வீட்டுக்குத் திரும்பிய மகளை விருந்தாளி என்கிறீர்களே!

நான் ஏன் இவ்வளவு அழுத்திப் பேசுகிறேன் என்று கேட்கலாம். எங்கள் அப்பா இந்த ஊர்ப் பக்கத்துத் ரப்பர் தோட்டம் ஒன்றில் 22 வருடம் மண்டோர், அதாவது கங்காணி. மண்டோருக்கு மேலே இருந்த தோட்டக் கண்டக்டர் ஓய்வு பெற்றபோது, அடுத்து இவர்தான் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் நினைத்தார்கள். நிர்வாகம் வேறு இடத்திலிருந்து ஒருவரை அனுப்பியது. நல்ல மனிதர், படித்தவர். ஆனால் எங்கள் மரங்கள் அவருக்குப் புதுசு. பள்ளத்து நிரைகளில் மழை விட்டு வெகுநேரம் பட்டை காயாது. ஈரப் பட்டையில் கத்தி வைத்தால் வெட்டுவாயில் நோய் பிடிக்கும். அப்பா சொன்னார். இலக்கு குறைகிறது என்று புதியவர் வெட்டச் சொன்னார். கொஞ்ச நாளில் பட்டை கறுத்து அழுக ஆரம்பித்தது. அப்பா டின்னும் தூரிகையும் எடுத்துக்கொண்டு மரம் மரமாக மருந்து பூசினார். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் கூடப் போயிருக்கிறேன். அப்பாவுக்கு அந்த மனிதர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் எல்லாவற்றையும் அப்பாதான் கற்றுக்கொடுத்தார்.

தோட்டத்தில் உழைத்தவர்களின் சந்தாப் பணத்திலேயே தோட்டம் வாங்கலாம் என்று 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிய அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. இந்த ஊரில் நின்றுகொண்டு நான் வேறு பக்கம் பேச முடியாது.

நடுவர் ஐயா, மணி அடிக்கக் கையைக் கொண்டுபோகிறீர்கள், தெரிகிறது. கடைசியாக ஒன்று. பாப்போவிச் ஸ்பர்ஸுக்கு 5 கோப்பை வாங்கிக் கொடுத்தவர், கணக்குப் புத்தகத்தில் அவர் பெயரில் 1,422 வெற்றி. 2024 நவம்பர் 2 அன்று ஆட்டத்துக்கு முன் அவருக்கு லேசான பக்கவாதம் வந்தது. துணைப் பயிற்சியாளர் மிட்ச் ஜான்சன் அன்றைக்கே அணியோடு போய் நின்றார். மிச்சமிருந்த 77 ஆட்டத்தில் 32 வெற்றி, 45 தோல்வி. வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் யாரும் வேலை கொடுக்க மாட்டார்கள். ஆனால் 2025 மே 2 அன்று பாப்போவிச் விலகிய போது, அணி ஜான்சனிடமேதான் பொறுப்பைக் கொடுத்தது. தோற்ற இரவுகளில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்பதை அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்திருந்தார்கள்.

எங்கள் அப்பா 22 வருடம் விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்றார். நிர்வாகத்தில் யாரும் பார்க்கவில்லை. தீர்ப்பு எழுதும்போது நீங்கள் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.