அட்டை கட்டிய துப்பாக்கி

நேயர்களுக்கு வணக்கம். காட்டுப்பன்றி இறங்கிப் போன மறுநாள் காலை மரவள்ளிக் காட்டில் நின்று பார்த்தவர்கள் உங்களில் சிலராவது இருப்பீர்கள். ஏர் ஓட்டியதுபோல மண் புரண்டு கிடக்கும். ஒரு கிழங்கைப் பாதி கடித்துப் போட்டுவிட்டு அடுத்த செடியைத் தோண்டியிருக்கும். அந்தக் காட்டில் நிற்கிற மனிதர் எழுதிக் கொடுத்த ஒரு மனுவைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கேட்கிற மனு.

வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பல வருடங்கள் துப்பாக்கி உரிமக் கோப்புகள் என் மேசைக்குத்தான் வந்தன. எந்த மாவட்டம் என்று சொல்லப் போவதில்லை. அங்கு நடந்தது மற்ற இடங்களிலும் நடப்பதுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கெல்லாம் துப்பாக்கி கொடுத்துவிட வேண்டும் என்ற கட்சி அல்ல நான். விசாரிக்க வேண்டும். மனுதாரர் யார், குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவரா, வழக்கு உண்டா, மனநிலை சரியாக இருக்கிறதா, வீட்டில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா, எல்லாம் பார்க்க வேண்டும். ஆனால் விசாரிப்பது வேறு, காத்திருக்க வைப்பது வேறு. மூன்று வருடம் அலமாரியில் கிடந்த கோப்பில், முதல் மாதத்தில் தெரிந்ததற்கு மேல் ஒரு விவரமும் சேர்ந்திருக்காது. தூசிதான் சேர்ந்திருக்கும்.

ஒரு விவசாயியின் கதையைச் சொல்கிறேன். மலையடிவாரத்தில் இரண்டரை ஏக்கர். கடலையும் மரவள்ளியும் போடுகிறவர். அவருடைய அப்பா ஒரு நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருந்தார். ஒற்றைக்குழல். குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ரவையும் போட்டுக் கம்பியால் இடித்துக் கிட்டிக்கிற பழைய ரகம். அப்பா இறந்த பதினைந்தாம் நாள் மகன் அந்தத் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு போய், நகரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்துவிட்டார். சட்டம் அதைத்தான் சொல்கிறது. உரிமக்காரர் இல்லாமல் போனால், ஆயுதம் காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற கடைக்கோ தாமதமின்றிப் போய்விட வேண்டும். அவர் தாமதிக்கவில்லை. வாரிசுச் சான்றிதழ் வாங்கினார். அக்காவிடமும் தம்பியிடமும் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கினார். மனுவைக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான்கு வருடம்.

அந்த நான்கு வருடமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அவர் பஸ் ஏறி நகரத்துக்கு வருவார். மனு என்ன ஆயிற்று என்று எங்கள் அலுவலகத்தில் கேட்பார். பிறகு கடைக்குப் போவார். கடைக்காரரும் ஒரு நாள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பின்னறையில் சுவரோடு சாய்த்து வரிசையாகத் துப்பாக்கிகள். ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் ஒரு அட்டை. இந்த விவசாயியின் துப்பாக்கியில் தொங்கிய அட்டையில் அப்பாவின் பெயரும் உரிம எண்ணும் எழுதியிருந்தன. மை வெளிறி, பெயரின் முதல் எழுத்து போயிருந்தது. மகன் ஒரு சின்ன மருந்துப் புட்டியில் தேங்காய் எண்ணெய் கொண்டுவருவாராம். கடைக்காரர் முன்னால் உட்கார்ந்து பழைய வேட்டித் துணியால் குழலைத் துடைத்து, குழல் வாயில் ஒரு துணி உருண்டையை அடைத்துவிட்டு, வாடகையையும் கொடுத்துவிட்டுப் போவாராம். "துரு ஏறிவிடக் கூடாது பாருங்கள்" என்று மட்டும் சொல்வாராம். இரவில் அவர் பரண்மேல் உட்கார்ந்து தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். தகரச் சத்தம் பன்றிக்கு ஒரு வாரத்தில் பழகிவிடும் என்பது உங்களுக்குத் தெரியும்.

அவருடைய கோப்பு என் மேசைக்கு வந்தபோது பிரித்துப் பார்த்தேன். உள்ளே காவல் துறை அறிக்கை ஒன்றல்ல, இரண்டு இருந்தன. இரண்டிலும் "ஆட்சேபணை இல்லை". பிறகு ஏன் நான்கு வருடம்? முதல் அறிக்கை வர ஒன்றரை வருடம் ஆனது. வந்த நேரத்தில் ஆட்சியர் மாறினார். புதியவர் பார்ப்பதற்குள் தேர்தல் வந்தது. தேர்தல் முடிந்து கோப்பை எடுத்தபோது, அறிக்கை பழையதாகிவிட்டது, புதிதாகக் கேள் என்று ஒருவர் குறிப்பு எழுதினார். மறுபடி கடிதம், மறுபடி நினைவூட்டு. காத்திருக்க வைத்ததால் அறிக்கை பழையதாகிறது. அறிக்கை பழையதானதால் மறுபடி காத்திருக்க வைக்கிறோம். இந்தச் சுழலில் மனுதாரரின் குற்றம் எள்ளளவும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம்தான் இன்றும் அடிப்படை. மனு வந்ததும் பக்கத்துக் காவல் நிலைய அதிகாரியிடம் அறிக்கை கேட்க வேண்டும் என்கிறது அதன் 13-ஆம் பிரிவு. 2016-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு 30 நாள் கெடு வைக்கின்றன. அறிக்கை வந்தபின் 60 நாளில் முடிவெடுக்க வேண்டும். சரி, அறிக்கை வரவே இல்லை என்றால்? இதைத்தான் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: 13-ஆம் பிரிவு, 2-ஏ உட்பிரிவு. கெடுவுக்குள் அறிக்கை வராவிட்டால், உரிமம் வழங்கும் அதிகாரி தக்கதென்று கருதினால், அதற்காக மேலும் காத்திராமலே உத்தரவு போடலாம். எங்கள் அலுவலகத்தில் இந்த வரியைப் படிக்காதவர்களே அதிகம். அறிக்கை இல்லாமல் கோப்பு நகராது என்பது சட்டமல்ல, பழக்கம். இன்னொரு முறை சொல்கிறேன், அது பழக்கம்.

அதே பிரிவில் இன்னொன்று. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக, வாய் வழியே மருந்து கிட்டிக்கிற துப்பாக்கியை இந்தியக் குடிமகன் ஒருவர் கேட்டால், சட்டத்தின் மற்ற தடைகள் இல்லாதவரை, உரிமம் "வழங்க வேண்டும்" என்றே எழுதியிருக்கிறது. போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கவும் கூடாது. அது 14-ஆம் பிரிவு. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 18-ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் மறுக்கவும் இல்லை, கொடுக்கவும் இல்லை என்றால் அந்த ஏழை எந்த உத்தரவை எடுத்துக்கொண்டு மேல்முறையீட்டுக்குப் போவார்? என்னை இத்தனை வருடமாக உறுத்துவது இதுதான்.

இடையில் ஒரு எச்சரிக்கை. உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட அது அனுமதி அல்ல. வன உயிரினங்களுக்கு 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. வெடிச் சத்தத்தால் விரட்டத்தான் துப்பாக்கி. யானை இருக்கிற பக்கம் அதுவும் கவனம்.

தாமதத்தால் இன்னொரு தீமையும் உண்டு. முறையாகக் கேட்டவர் நான்கு வருடம் அலைவதைப் பக்கத்துத் தோட்டக்காரர் பார்க்கிறார். அவர் மனுவே போடுவதில்லை. எங்கேயோ செய்த கள்ளத்துப்பாக்கியை வாங்கி வைக்கோல் போரில் செருகி வைக்கிறார். பிடிபட்டால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருடச் சிறை. பிள்ளைகள் விளையாடுகிற வைக்கோல் போர் அது, ஐயா.

அந்த விவசாயிக்கு உரிமம் கிடைத்தது. இன்னொரு புதிய அறிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை என்று 2-ஏ-வைச் சுட்டிக் குறிப்பு எழுதி, இரண்டு அறிக்கைகளையும் மேலே வைத்து அனுப்பினேன். ஒன்பதாம் நாள் கையெழுத்தாகி வந்தது. கடையில் துப்பாக்கியை வாங்கியதும் முதல் வேலையாக அந்த அட்டையை அவிழ்த்தார். அப்பா பெயர் இருந்த அட்டை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

நேரம் முடியப் போவதாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து கை காட்டுகிறார்கள். புதுப்பித்தலைப் பற்றியும் தேர்தல் காலத்தைப் பற்றியும் விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கிச் சொல்கிறேன். உரிமம் இப்போது ஐந்து வருடத்துக்கு வருகிறது. முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே புதுப்பிக்க மனுக் கொடுங்கள். கொடுத்ததற்கு ஒப்புகையும், ந.க. எண் என்கிற கோப்பு எண்ணும் வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள். 30 நாள் கழிந்தும் அறிக்கை போகவில்லை என்றால், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் 2-ஏ-வை எழுதி ஒரு மனுப் போடுங்கள். தேர்தலுக்காகத் துப்பாக்கியை நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படையுங்கள். ஆனால் குழலில் வெட்டியிருக்கிற எண்ணும் ரசீதில் எழுதியிருக்கிற எண்ணும் ஒன்றுதானா என்று அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள். வணக்கம்.