பின்பக்கம் உட்காரும் வண்டிகள்

நேயர்களுக்கு வணக்கம். இரவில் அழகர்கோயில் சாலையில் இருசக்கர வாகனத்தில் வருகிறீர்கள். எதிரே வரும் பிக்கப் வண்டியின் விளக்கு கண்ணைக் கூச வைக்கிறது. ஓட்டுநரைத் திட்டுகிறீர்கள். பாவம், அவர் விளக்கைத் தாழ்த்தித்தான் வைத்திருப்பார். பின்னால் சரக்கு அழுத்துகிறது, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது.

இது கண்ணுக்குத் தெரிகிற தொல்லை. தெரியாத தொல்லை முன் சக்கரத்தில் இருக்கிறது. பின் ஆக்சிலுக்கு அப்பால் சரக்கு தொங்கினால் முன் சக்கரங்களின் மேல் பாரம் குறைகிறது, தரையில் பிடி குறைகிறது. "ஸ்டீயரிங் இப்போது நல்ல லேசு, அண்ணே" என்று என் பட்டறையில் வந்து மகிழ்ந்தவர்கள் உண்டு. பயப்பட வேண்டிய நேரத்தில் மகிழ்கிறார்களே என்று எனக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் மருந்து, "பட்டையில் இன்னும் இரண்டு ஏற்றிவிடுங்கள்" என்பதுதான். பின் சக்கரத்துக்கு மேல் வில்லாக வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக யூ போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறதே, அந்தக் கமான் பட்டை. பட்டையின் கனம் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். கையில் கிடைத்த தடித்த பட்டையைச் செருகுகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை.

அலங்காநல்லூர்ப் பக்கத்து ஓட்டுநர் ஒருவர். ஆண்டு முழுவதும் மாட்டுத்தாவணிக்குத் தக்காளிப் பெட்டி, தை மாதம் வந்தால் ஜல்லிக்கட்டுக் காளை. தக்காளிக்காக வேறோர் இடத்தில் இரண்டு தடித்த பட்டைகளை ஏற்றியிருந்தார். தக்காளி ஒழுங்காகப் போனது. காளைதான் போகவில்லை! இறங்கும்போது கால் நடுங்குகிறது, அடுத்த முறை வண்டியைக் கண்டாலே பின்வாங்குகிறது. மாட்டுக்காரர் கண்ணேறு என்று பூசணிக்காய் உடைத்துப் பார்த்திருக்கிறார். ஒன்றரை டன்னுக்கு விறைத்த பட்டை, ஒற்றைக் காளையின் கனத்துக்கு வளையுமா? ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி முழுவதும் அதன் காலுக்குப் போயிருக்கிறது. நான் அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, மேலே தனியாக ஒரு துணைப் பட்டைக் கட்டு வைத்தேன். வண்டி காலியாக இருக்கும்போது அதன் நுனி எதையும் தொடாது. சரக்கு ஏறி வண்டி தாழ்ந்த பிறகுதான் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் உள்ள தாங்கியில் முட்டி, பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். காளை அடுத்த வாரம் தானாக ஏறியது. மாட்டுக்காரர் இன்றைக்கும் பூசணிக்காய்க்குத்தான் நன்றி சொல்கிறார்.

அழுத்திச் சொல்கிறேன்: பட்டை வண்டியை மட்டமாக நிறுத்தும், தாங்கும் எடையைக் கூட்டாது. ஆக்சில், பேரிங், டயர், பிரேக் எல்லாம் பழையதுதானே? ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் எடை. மீறினால் 2019 முதல் அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000.

சில வண்டிகளில் பின் ஆக்சிலோடு ஒரு கம்பி இணைத்த பிரேக் வால்வு இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்துப் பின் பிரேக்கின் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கும். பட்டையை உயர்த்திவிட்டு அதைத் திருத்தாமல் விட்டால், சரக்கு நிறைந்திருந்தும் காலி வண்டி என்றே அது கணக்குப் போட்டு, பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பட்டை மாற்றும் இடத்தில் இதை அவசியம் கேளுங்கள்.

பட்டைக்குத் துணையாக வைக்கும் காற்றுப் பை பற்றியும், பின்னால் கான்கிரீட் கலவை இயந்திரம் இழுப்பது பற்றியும் விரிவாகப் பேச நினைத்தேன். நேரம் முடிந்தது என்று ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டிவிட்டார்கள். ஒன்று மட்டும். இழுவண்டியின் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும். கொக்கி ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் அந்த எடை நெம்புகோலாக முன்பக்கத்தைத் தூக்கும். மாட்டும் முன்பும் பின்பும் முன் சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டு வளைவு தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளந்து பாருங்கள். நன்றாக உயர்ந்திருந்தால் பிக்கப்பில் உள்ள சரக்கை கேபின் பக்கம் நகர்த்திவிட்டுக் கிளம்புங்கள். வணக்கம்.